துண்டுத் துணியில் ஒரு கலைடாஸ்கோப்!

பெரியதை வெட்டாமல் சிறியதைச் சேர்ப்பது எப்படி?

பாட்டி காலமாகிச் சில மாதங்கள் ஆகிவிட்டன. வீட்டைக் காலி செய்ய வேண்டும். பேத்தி, மூலையில் கிடந்த பழைய மரப் பெட்டியைத் திறக்கிறாள்.

உள்ளே என்ன இருக்கிறது? நகையா? பத்திரமா?

இரண்டும் இல்லை. துணித் துண்டுகள்!

சிவப்பு, நீலம், பச்சை என்று பல நிறத் துண்டுகள். அவற்றை முக்கோணமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, சதுரம் சதுரமாக அடுக்கி வைத்திருக்கிறாள் பாட்டி. போர்வை தைக்க ஆரம்பித்தவள், முடிக்காமலே போய்விட்டாள்.

அமெரிக்காவில் இது அடிக்கடி நடக்கும் காட்சி. எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பெட்டிகளில், இப்படி முடியாத போர்வைகள் கிடைத்திருக்கின்றன.

பேத்திக்கு ஆசை. பாட்டி தொட்ட வேலையைத் தன் கையால் முடிக்க வேண்டும்!

ஆனால், சதுரங்களை எடுத்து அளந்து பார்த்தால் தலை சுற்றுகிறது. ஒன்று 12 அங்குலம். இன்னொன்று 9½ அங்குலம். வேறு சில 6 அங்குலம்தான் இருக்கின்றன. ஒன்றோடு ஒன்று சேரவே சேராது.

என்ன செய்வது? பெரிய சதுரங்களை எல்லாம் சின்னதாக வெட்டி விடலாமா?

கூடாது! வெட்டினால், பாட்டி நூல் பிடித்துச் சேர்த்த முனைகள் எல்லாம் அறுந்து போகும். வெட்டிய துணி மறுபடியும் ஒட்டாது.

வெட்டாமலே சேர்க்க வழி இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பெரிய கணக்குப் புலிகள் அல்ல. வீட்டுப் பெண்கள்தான்!

குவில்ட் என்பது என்ன?

அமெரிக்கர்கள் இந்தப் போர்வையைக் "குவில்ட்" என்று அழைக்கிறார்கள்.

இதில் மூன்று அடுக்கு உண்டு. மேலே ஒட்டுத்துணி. நடுவே பஞ்சு விரிப்பு. அடியில் ஒரு முழுத் துணி. மூன்றும் நகராமல் இருக்க, போர்வை முழுவதும் சிறு சிறு ஓட்டுத்தையல் போடுவார்கள்.

பனி கொட்டும் ஊர்களுக்குக் கனமான போர்வை வேண்டும். புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். பணம் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? கிழிந்த சட்டையில் நல்ல பாகம் இருக்கும். பழைய பாவாடையில் கிழியாத இடம் இருக்கும். அவற்றை வெட்டிச் சேர்த்தார்கள்.

1930-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கடுமையான பணக் கஷ்டம் ஏற்பட்டது. வேலை இல்லை. கூலி இல்லை. அப்போது மாவும், கோழித் தீவனமும் பருத்தித் துணிப் பைகளில் விற்பனைக்கு வந்தன. பெண்கள் அந்தப் பைகளைப் பிரித்துத் துவைத்து, உடையும் போர்வையும் தைத்தார்கள்.

வியாபாரிகள் இதைக் கவனித்தார்கள். பைகளிலேயே பூப்போட்டு விற்றார்கள்! ஒரு பெரிய பையைப் பிரித்தால், ஒரு கெஜத்துக்கு மேல் துணி கிடைத்தது. கணவன் தீவனம் வாங்கக் கடைக்குப் போனால், "போன தடவை வாங்கிய அதே பூவாகப் பார்த்து வாங்கி வாருங்கள்" என்று மனைவி சொல்லி அனுப்புவாளாம்!

பத்திரிகைகளும் கை கொடுத்தன. மிசூரி மாநிலத்தில் வெளிவரும் "கான்சாஸ் சிட்டி ஸ்டார்" பத்திரிகை, 1928 முதல் 1961 வரை போர்வை மாதிரிகளைப் படம் போட்டு வெளியிட்டது. அவை ஆயிரத்துக்கும் அதிகம்! பெண்கள் அவற்றைக் கத்தரித்துச் சேர்த்து வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர்கள்கூட, அந்தப் படங்களைப் பார்த்து அளவும் கோணமும் கற்றுக்கொண்டார்கள்.

நம் சோழமண்டலக் கரைக்கும் இந்தப் போர்வைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 200, 250 ஆண்டுகளுக்கு முன், இந்தக் கரையில் இருந்து பூவேலை செய்த பருத்தித் துணிகள் கப்பல் ஏறின. அவை இங்கிலாந்து வழியாக அமெரிக்காவுக்கும் போயின. அங்கே அந்தத் துணி விலை உயர்ந்தது. அதனால், அதில் உள்ள பூவையும் பறவையையும் மட்டும் தனியே கத்தரித்து, வேறு துணி மேல் வைத்துத் தைத்துப் போர்வை செய்தார்கள்.

கண்ணாடிக் குழலில் பிறந்த பெயர்

பாட்டியின் பெட்டியில் இருந்த சதுரத்துக்கு ஒரு பெயர் உண்டு. "கலைடாஸ்கோப்" சதுரம்!

கலைடாஸ்கோப் நமக்குத் தெரிந்த விளையாட்டுச் சாமான்தான். ஒரு குழல். அதற்குள் கண்ணாடிப் பட்டைகள். அடியில் உடைந்த வளையல் துண்டுகள். குழலைக் கண்ணில் வைத்துத் திருப்பினால் கோலம் மாறும். ஒரு முறை கண்ட கோலம் மறு முறை வராது.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்காட்லாந்து தேசத்து விஞ்ஞானி டேவிட் ப்ரூஸ்டர். ஆண்டு 1816. அடுத்த ஆண்டே அதற்கு உரிமை பதிவு செய்தார். ஆனால் பலன் இல்லை. ஆளுக்கு ஆள் அதைப் பார்த்துச் செய்து விற்றுவிட்டார்கள். லண்டனிலும் பாரிசிலும் மூன்றே மாதத்தில் 2 லட்சம் குழல்கள் விற்றதாக அந்தக் காலத்துக் கணக்கு சொல்கிறது. பணம் யார் யாருக்கோ போயிற்று. பெயர் மட்டும் ப்ரூஸ்டருக்கு நிலைத்தது!

கலைடாஸ்கோப் என்ற பெயரையும் அவரே வைத்தார். கிரேக்க மொழிச் சொற்களில் இருந்து செய்த பெயர் அது. "அழகான உருவத்தைப் பார்ப்பது" என்பது பொருள்.

குழலுக்குள் நடப்பது என்ன? இரண்டு கண்ணாடிகளை 45 பாகைச் சாய்வில் நிறுத்தினால், நடுவில் உள்ள ஒரு துண்டு எட்டுத் துண்டாகத் தெரியும். ஒன்றுதான் உண்மை. மற்ற ஏழும் பிம்பம்.

போர்வையில் கண்ணாடி கிடையாது. பிம்பமும் கிடையாது. எட்டையும் கையால் வெட்டித்தான் தைக்க வேண்டும். அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது!

எட்டு முக்கோணம், நாலு மூலை

கலைடாஸ்கோப் சதுரத்தின் அமைப்பு சுலபம்.

நடுப் புள்ளியைச் சுற்றி எட்டு முக்கோணங்கள். எட்டும் ஒரே அளவு. கூர்மையான முனைகள் எல்லாம் நடுவில் வந்து சேரும். எட்டையும் தைத்தால் எண்கோணம் வரும். அதன் நாலு மூலைகளிலும் சிறு முக்கோணங்களைத் தைத்தால் சதுரம் ஆகிவிடும்.

கோணம் அளக்கக் கருவி வேண்டுமா? வேண்டாம். இந்தப் பத்திரிகைத் தாளே போதும்! படித்து முடித்த பிறகு செய்து பாருங்கள்.

14 அங்குலச் சதுரமாக ஒரு தாளை வெட்டுங்கள். பாதியாக மடியுங்கள். அதை மறுபடியும் பாதியாக மடியுங்கள். இப்போது சின்னச் சதுரம் கிடைக்கும். தாளின் நடுப் புள்ளி எந்த மூலையில் இருக்கிறதோ, அந்த மூலை கூராக வரும்படி குறுக்கே ஒரு மடிப்பு மடியுங்கள். அந்தக் கூர் முனைதான் 45 பாகை. எட்டு முறை 45 என்றால் 360. ஒரு முழு வட்டம்!

முனையில் இருந்து இரண்டு பக்கமும் 6½ அங்குலம் அளந்து புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளையும் இணைத்து நேராக வெட்டுங்கள். தாளைப் பிரியுங்கள். எட்டுச் சம முக்கோணங்களோடு ஓர் எண்கோணம்! எதிர் எதிர்ப் பக்கங்களுக்கு இடையே 12 அங்குலம் இருக்கும். ஒவ்வொரு முக்கோணத்தின் அடிப் பக்கமும் சுமார் 5 அங்குலம்.

மூலை முக்கோணத்துக்கு, செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்களும் சுமார் 3½ அங்குலம்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. 12 அங்குலத்தை மூன்றாகப் பிரித்தால் 4, 4, 4 வருகிறது. கணக்கு சுலபமாக இருக்கிறதே என்று அப்படியே வெட்டி விடுவார்கள். ஆனால் அப்படி வெட்டினால் எட்டு முக்கோணங்களும் ஒரே அளவாக வராது. நாலு குண்டாகவும் நாலு ஒல்லியாகவும் இருக்கும். சரியான பிரிவு 3½, 5, 3½ என்பதே.

அரைப் பாகை தப்பினால்...

காகிதத்தில் செய்தது போலத் துணியில் செய்ய வேண்டியதுதானே?

ஒன்றை மறக்கக்கூடாது. தைப்பதற்கு ஓரம் விட வேண்டும். குவில்ட் தைக்கிறவர்கள் எல்லாப் பக்கமும் கால் அங்குலம் விடுவார்கள். கூடவும் கூடாது. குறையவும் கூடாது.

ஒரு முக்கோணத்தில் அரைப் பாகை தப்பினால் கண்ணுக்குத் தெரியாது. எட்டிலும் தப்பினால் நாலு பாகை ஆகிவிடும். மொத்தம் 360-க்குக் குறைந்தால், சதுரத்தின் நடுப்பாகம் கூம்பு போல எழுந்து நிற்கும். கூடினால், ஓரம் அலை அலையாகப் புரளும். இஸ்திரிப் பெட்டியால் எவ்வளவு அழுத்தினாலும் படியாது.

அதனால் எட்டையும் வரிசையாகத் தைத்துக்கொண்டு போவதில்லை. முதலில் இரண்டு இரண்டாகத் தைப்பார்கள். பிறகு நாலு நாலாக. நாலு சேர்ந்தால் பாதி எண்கோணம். நாலு முறை 45 என்றால் 180. அதாவது, பாதியின் ஓரம் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். வளைந்திருந்தால், அப்போதே பிரித்துச் சரி செய்வார்கள். இரண்டு பாதிகளும் நேரான பிறகே கடைசித் தையல்.

இன்னும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். சாய்வாக வெட்டிய துணி ஓரம் இழுபடும். நம் ஊர்த் தையல்காரர்கள் "கிராஸ்" என்பார்களே, அதே சங்கதிதான். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்த்தால் முக்கோணம் கோணிவிடும். மேலே வைத்து அழுத்தி எடுக்க வேண்டும்.

பூத் துணியில் வேடிக்கை

எட்டு முக்கோணங்களையும் கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பல சதுரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், வட்டம் வட்டமாகத் தெரியும். போர்வையில் ஒரு வளைவான வெட்டும் கிடையாது. எல்லாம் நேர்கோடுதான். ஆனாலும் கண் ஏமாந்து போகிறது!

பூப்போட்ட துணியில் இன்னொரு வேடிக்கை. அச்சுத் துணியில் ஒரே பூ, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும். ஒரு பூவின் மேல் அளவு அட்டையை வைத்து ஒரு முக்கோணம் வெட்டுவார்கள். அடுத்த பூவில், அதே இடத்தில், இன்னொன்று. இப்படி எட்டு. எட்டிலும் அதே இதழ், அதே இலை. சேர்த்துத் தைத்தால், துணியில் இல்லாத ஒரு புதுக் கோலம் நடுவில் மலர்ந்திருக்கும்! கண்ணாடி செய்த வேலையைக் கத்தரி செய்துவிடுகிறது.

இதற்குத் துணி கொஞ்சம் வீணாகும். வெட்டி முடித்த துணியைத் தூக்கிப் பிடித்தால் சல்லடை போல இருக்கும். மீதித் துண்டுகளை மூலை முக்கோணங்களுக்கு எடுத்துக்கொள்வார்கள்.

முன்பு எல்லாம் கத்தரிக்கோலும் அட்டையும்தான். 1979-ல் ஜப்பான் நாட்டு "ஓல்ஃபா" கம்பெனி, சக்கரம் போல உருளும் கத்தி ஒன்றைக் கொண்டு வந்தது. அதன் பிறகு, பல மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் நேராக வெட்ட முடிந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. கணக்கு மட்டும் அதே பழைய கணக்குத்தான்.

பாதி என்றால் பாதி இல்லை!

இப்போது பேத்தியின் பிரச்சினைக்கு வருவோம். ஒரே போர்வையில் பெரிய சதுரமும் சின்னச் சதுரமும் வர வேண்டும்.

12 அங்குலச் சதுரத்தின் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு 6 அங்குலச் சதுரங்கள் நிற்கும். இது குழந்தைக்கும் தெரியும். ஆனால் 6 அங்குலச் சதுரம் புதிதாகத் தைக்கும்போது பலர் சறுக்கி விழுகிறார்கள்.

எப்படி?

தைத்து முடித்த பிறகு 12 அங்குலம் வர வேண்டிய சதுரம், தனியாக இருக்கும்போது 12½ அங்குலம் இருக்கும். இரண்டு பக்கமும் தையலுக்காகக் கால் கால் அங்குலம் கூடுதல். சரி, இதில் பாதி எவ்வளவு? 6¼ அங்குலம். அந்த அளவில் சின்னச் சதுரத்தைச் செய்துவிடுவார்கள்.

தப்பு! சின்னச் சதுரம் 6½ அங்குலம் இருக்க வேண்டும். ஏன்? சதுரம் பாதியாகும். ஆனால் தையலுக்கு விடும் ஓரம் பாதியாகாது. பெரிய சதுரத்துக்கும் அதே கால் அங்குலம். சின்னச் சதுரத்துக்கும் அதே கால் அங்குலம்.

கால் அங்குலம்தானே என்று விட முடியாது. ஒரு வரிசையில் பத்துச் சின்னச் சதுரங்கள் வந்தால், வரிசை 2½ அங்குலம் குறைந்து போகும். பக்கத்து வரிசையோடு சேராது.

ஆகவே, முதலில் ஓரத்தை மறந்துவிட வேண்டும். முடிந்த அளவைப் பாதியாக்க வேண்டும். 6½, 6½, 5 என்ற முக்கோணம் 3¼, 3¼, 2½ ஆகும். 3½ அங்குல மூலை முக்கோணம் 1¾ ஆகும். கோணம் மட்டும் மாறாது. சதுரம் எவ்வளவு பெரிதானாலும், சிறிதானாலும் நடுமுனை 45 பாகைதான். பாதியாக்கிய பிறகு, சுற்றிலும் கால் அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும்.

18, 12, 6

சேர்ப்பதற்கு ஒரு நல்ல வழி, எல்லா அளவும் ஒரே எண்ணால் வகுபடும்படி வைத்துக்கொள்வது. 6, 12, 18 என்று வைத்தால் மூன்றும் ஆறாம் வாய்ப்பாட்டில் வரும்.

ஒரு 12 அங்குலச் சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலப் பக்கம் இரண்டு 6 அங்குலச் சதுரங்கள். மேலே மூன்று 6 அங்குலச் சதுரங்கள். மொத்தம் ஒரு பெரியது, ஐந்து சின்னது. கூட்டினால் 18 அங்குலச் சதுரம்!

தைக்கும் வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஐந்து சின்னதையும் முதலிலேயே ஒன்றாகத் தைத்துவிட்டால், உள்மூலையில் ஊசி மாட்டிக்கொள்ளும். இரண்டை மட்டும் சேர்த்துப் பெரியதன் வலப் பக்கம் தைக்க வேண்டும். பிறகு மூன்றைச் சேர்த்து மேலே தைக்க வேண்டும். எல்லாத் தையலும் நேர்கோடாகவே வரும்.

இப்படி 18 அங்குலத் தொகுதிகள் அகலத்தில் நாலும் நீளத்தில் ஐந்தும் வைத்தால், மொத்தம் 20. போர்வை 72 அங்குல அகலம், 90 அங்குல நீளம் இருக்கும். ஓர் ஆள் போர்த்துக்கொள்ளத் தாராளம்!

சில தொகுதிகளில் ஒரே பெரிய 18 அங்குலச் சதுரம் வரலாம். சிலவற்றில் ஒன்பது 6 அங்குலச் சதுரங்கள் வரலாம். பெரிய கோலம் அருகில் இருப்பது போலவும், சின்னக் கோலம் தூரத்தில் இருப்பது போலவும் தோன்றும். எல்லாம் ஒரே அளவாக இருக்கும் போர்வையில் இந்த அழகு வராது.

சின்னதற்குக் கரை கட்டு!

எல்லாம் சரி. பாட்டியின் 9½ அங்குலச் சதுரம் எந்த வாய்ப்பாட்டிலும் வரவில்லையே?

அதற்கும் வழி உண்டு. புடவைக்குக் கரை இருப்பது போல, அந்தச் சதுரத்தைச் சுற்றிலும் கரை வைத்துத் தைக்க வேண்டும்.

12-க்கும் 9½-க்கும் வித்தியாசம் 2½ அங்குலம். இரண்டு பக்கமும் பிரித்தால் 1¼ அங்குலக் கரை. தையல் ஓரம் சேர்த்தால் 1¾ அங்குலப் பட்டை வேண்டும். ஆனால், கைதேர்ந்த பெண்கள் 2 அங்குலமாகவே வெட்டுவார்கள். நாலு பக்கமும் தைத்து, இஸ்திரி போட்டு, கடைசியில் மொத்தத்தையும் 12½ அங்குலத்துக்குச் சரியாக நறுக்குவார்கள்.

கத்தி படுவது புதுக் கரையில்தான். பாட்டியின் துணியில் ஒரு நூல்கூடப் போகாது!

பாட்டியின் சதுரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும், இந்தக் கரை அதைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் கரை அரைக்கால் அங்குலம் கூடும். மறு பக்கம் குறையும். யாருக்குத் தெரியப் போகிறது?

கரையின் நிறமும் முக்கியம். பக்கத்துத் துணியின் நிறத்திலேயே கரை வைத்தால், கரை இருப்பதே தெரியாது. வேறு நிறத்தில் வைத்தால், சட்டம் போட்ட படம் போலச் சதுரம் தனியே எடுத்துக் காட்டும்.

பழைய துணியைத் தைக்கும் முன் இரண்டு சோதனைகள் வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல் இற்றுப் போயிருந்தால், அடியில் மெல்லிய துணி ஒன்றைக் கொடுத்துத் தைக்க வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்புத் துண்டின் மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் ஜாக்கிரதை! துவைக்கிற அன்று போர்வை முழுவதும் சிவந்துவிடும்.

சமையலறை மேஜையில் இருந்து காட்சிசாலைக்கு

இது வெறும் வீட்டு வேலையாகவே இருந்துவிடவில்லை.

1971-ல் நியூயார்க் நகரத்தில் உள்ள விட்னி கலைக்கூடத்தில், பழைய அமெரிக்கப் போர்வைகளைச் சித்திரங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். கட்டிலில் கிடந்த போர்வை சுவரில் ஏறியது! அதன் பிறகு பலர் இந்தக் கலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கலைடாஸ்கோப் போர்வை என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் பெயர் பவுலா நாடெல்ஸ்டெர்ன். நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்ற பகுதியைச் சேர்ந்த பெண்மணி. அவருக்குப் பெரிய தொழிற்கூடம் எதுவும் இருக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில், சமையலறையில் இருந்த வட்ட மேஜைதான் பல ஆண்டுகள் அவருக்குத் தையல் மேஜை!

இடம் சின்னது. அதனால் துண்டு துண்டாக யோசித்தார். ஒரு முக்கோணத்துக்குள்ளேயே பல சிறு துண்டுகளைச் சேர்த்தார். அதைப் போல எட்டு செய்தார். இணைத்தபோது, எங்கே ஒரு துணி முடிகிறது, எங்கே மறு துணி தொடங்குகிறது என்றே தெரியவில்லை. 1996-ல் இது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2009-ல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாட்டுப்புறக் கலைக் காட்சிசாலை, அவருடைய கலைடாஸ்கோப் போர்வைகளுக்கு என்றே தனிக் கண்காட்சி நடத்தியது.

சமையலறை மேஜையில் தைத்த துணியைப் பார்க்க ஜனங்கள் காட்சிசாலைக்கு வந்தார்கள்!

மூலையில் ஒரு பெயர்

பேத்தியின் போர்வை காட்சிசாலைக்குப் போகாது. போக வேண்டியதும் இல்லை.

அவள் 18, 12, 6 என்று தரையில் விரித்துப் பார்க்கிறாள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள். வெளிர் நிறமெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்திருந்தால் இடம் மாற்றி வைக்கிறாள். 9½ அங்குலச் சதுரங்களுக்குக் கரை கட்டுகிறாள். போதாத இடத்துக்குப் புதிதாக வெட்டித் தைக்கிறாள்.

பாட்டியின் தையலும் பேத்தியின் தையலும் அடுத்தடுத்து வருகின்றன. பாட்டியின் தையல் நெருக்கமாக இருக்கிறது. பேத்தியின் தையல் கொஞ்சம் எட்ட எட்ட இருக்கிறது. இருந்தாலும் இரண்டும் ஒரே போர்வையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கடைசியாக ஒரு வேலை உண்டு. குவில்ட் தைக்கிறவர்கள் போர்வையின் பின்புறம், ஒரு மூலையில், சிறு துணி ஒன்றைத் தைப்பார்கள். தைத்தவர் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். இந்த மாதிரிப் போர்வையில் இரண்டு பெயர்கள் வரும். ஆரம்பித்தவள் பெயர் ஒன்று. முடித்தவள் பெயர் ஒன்று.

சின்னதைப் பெரியதோடு சேர்க்கப் பெரியதை வெட்ட வேண்டியதில்லை. சின்னதற்குக் கொஞ்சம் கரை கட்டினால் போதும். துணிக்குச் சொன்ன இந்தக் கணக்கு, கூட்டுக் குடும்பம் நடத்திய நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரிந்த கணக்குத்தான்!

வீட்டில் பழைய புடவைத் துண்டுகள் இருந்தால், அவசரப்பட்டு எறிந்துவிட வேண்டாம். ஒரு தாளை மூன்று மடிப்பு மடித்து, முதல் முக்கோணத்தை வெட்டிப் பாருங்கள். மீதி ஏழும் தானாக வரும்!